குழலறிந்து தோட்டா

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றபோது, அவருடைய நிதானத்தைப் பற்றியும் ரயில்வே பணியில் தோனியோடு அவருக்கிருந்த ஒற்றுமையைப் பற்றியும் ஏடுகள் நிறைய எழுதின. தோட்டாவைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஒரு வரிகூட இல்லை. குறி என்றாலே பறவையின் கண்ணை மட்டும் கண்ட அர்ச்சுனனை நினைத்துக்கொள்ளும் மரபு நம்முடையது. அவன் கையிலிருந்த அம்பைச் சீவியவன் யார் என்று துரோணரும் கேட்கவில்லை, நாமும் கேட்பதில்லை.

இவ்விளையாட்டை அறிந்தவர்களோ தோட்டாவுக்கு உரிய இடத்தைக் கொடுத்தே பேசுகிறார்கள். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அதை நோக்கிச் செல்லும் .22 தோட்டாவின் ஈயக் குண்டு ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் தோட்டாக்களும் லாட்டுக்கு லாட் மாறுபடும். ஈயத்தின் அளவிலோ மருந்து தரும் வேகத்திலோ நேரும் நுண்ணிய வேறுபாடு போதும். குழல்களும் அப்படித்தான். உள்ளே வெட்டிய சுருள்வரிகள் இரு குழல்களில் முற்றிலும் ஒன்றாக அமைவதில்லை. சுடும் கணத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் அதிர்கிறது. எனவே இந்தக் குழலுக்கு எந்த லாட் ஒத்துவரும் என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஈலி, ஜெர்மனியில் லாபுவா ஆகிய நிறுவனங்களின் சோதனைக்கூடங்களுக்கு வீரர்கள் துப்பாக்கியைச் சுமந்து செல்வது இதற்காகவே. அங்கே குழலை அசையாமல் பூட்டி, லாட்டை மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். மனிதக் கை விலகிய பிறகும் ஒரு லாட் நெருங்கி அடங்குகிறது, இன்னொன்று சிதறுகிறது. அடங்கியதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதே லாட் பக்கத்து வீரரின் குழலில் சிதறலாம். (சிறந்த தோட்டா எது என்று கேட்பது, சிறந்த சொல் எது என்று கேட்பதைப் போன்றது.)

இச்சோதனைக்குப் பணமும் பயணமும் வேண்டும் என்பதே என் மனத்தாங்கல். கையில் கிடைத்த பெட்டியைக் கொண்டு சுடும் கல்லூரி மாணவிக்கு 9 விழுந்தால், 'கவனம் போதாது' என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. கூடவே தியானமும் மூச்சுப் பயிற்சியும் பரிந்துரைக்கப்படுகின்றன. அவற்றால் தீங்கில்லைதான். ஆனால் தோட்டா வாங்கும்போதே பயிற்சிக்கூடங்கள் சில லாட்டுகளைக் கலந்து வாங்கலாமே. ரைஃபிளை மணல்மூட்டையில் தாங்கி, லாட்டுக்குச் சில தாள்கள் சுட்டு, எண்ணைக் குறித்துவைக்க ஓர் அரைநாள் போதும். வெளிநாட்டுக் கூடத்தின் துல்லியம் அதில் கிடைக்காது. படுமோசமான லாட்டையாவது ஒதுக்கிவிடலாம். அதைக்கூடச் செய்யாமல் அவள் மனத்தைக் குறை சொல்வதற்கு எனக்குச் சம்மதமில்லை.