தண்ணி எந்தப் பக்கம் சார் போகும்?

லாபம் வந்தால் மொத்தத்தையும் பங்கு பிரித்துச் சாப்பிட்டுவிடாதே, கொஞ்சம் ரிசர்வில் போடு என்பது பி.காம். பாடம். நம் முன்னோர்கள் காலேஜ் வாசலை மிதிக்காமலே இதில் பாஸ். பணத்தில் இல்லை, தண்ணீரில்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னாலே சிப்காட்டும் கம்பெனி பஸ்ஸும் நைட் ஷிஃப்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே ஒரு ஏரி உண்டு. பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கே ‘ஏரி மாவட்டம்’ என்றுதான் பேர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மாடிப்படி மாதிரி ஏரிகள். வயலுக்கு விட மதகு, மிஞ்சினால் வழியக் கலங்கல். மேல் ஏரிக்குச் செலவு என்றால் கீழ் ஏரிக்கு அது வரவு. கணக்கு டாலி!

பிள்ளைப்பாக்கத்தில் மிஞ்சுவது செம்பரம்பாக்கத்துக்குப் போகும். அங்கேயும் மிஞ்சினால் அடையாற்றில் இறங்கி, சைதாப்பேட்டை வழியாகக் கடலுக்கு. ஆக, பிள்ளைப்பாக்கத்து மழைக்கும் சைதாப்பேட்டைக்காரர் கட்டிலுக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

இந்த மாடிப்படியின் நடுவில் நாம் என்ன செய்தோம்? ஏக்கர் ஏக்கராக மண்ணடித்து மேடாக்கி, சிமென்ட் தளம் போட்டு, ஷெட் எழுப்பினோம். மண் குடித்த மழையைத் தகரக் கூரை குடிக்காது. அப்படியே கீழே தள்ளிவிடும். போதாக்குறைக்கு உசத்திப் போட்ட ரோடு. நமக்குத்தான் அது ரோடு. தண்ணீருக்கு அது கரை. அடியில் போதுமான சிறுபாலம் வைக்காவிட்டால், டெண்டர் விடாமலே புது ஏரி ரெடி. மதகும் கிடையாது, கலங்கலும் கிடையாது.

2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. எந்த ஏரிக்கும் அஜீரணம் ஆகிற அளவு. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். எப்போ திறந்தாங்க, ஏன் முன்னாடியே திறக்கலை என்ற சண்டை அப்புறம் வருஷக்கணக்கில் நடந்தது. நியாயமான சண்டைதான். கூடவே, அந்தத் தண்ணீர் வழியில் தங்கிப் போக எத்தனை இடத்தை விட்டுவைத்தோம் என்றும் கேட்டிருக்கலாம்.

அந்த வாரம் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கார் தொழிற்சாலைகளும் உற்பத்தியை நிறுத்தின. கம்பெனிக்குள் தண்ணீர் வராவிட்டாலும் பஸ் வர வேண்டுமே, பார்ட்ஸ் வர வேண்டுமே! தினக்கூலி கான்ட்ராக்ட் பையனுக்கு அது சம்பளமில்லாத லீவு. ரிசர்வைக் கரைத்தால் முதலில் அடிபடுவது அவன்தான்.

ஏரியைத் தூர் வாரினால் மட்டும் போதாது. வரத்துக் கால்வாயும் கலங்கலும் அடைபடாமல் இருக்க வேண்டும். வாசல் இல்லாத வீட்டை எவ்வளவு பெரிதாகக் கட்டி என்ன பிரயோசனம்?

நீங்களும் இந்தப் பக்கம் லோன் போட்டு மனை பார்க்க வருவீர்கள். “ஹைவே அஞ்சே நிமிஷம் சார்” என்பார் புரோக்கர். “சரிங்க, மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கமா போகும்?” என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் சொல்லாமல் “டீ சாப்பிடலாமா சார்?” என்றாரானால், நீங்கள் நின்றுகொண்டிருக்கிற இடம்தான் அந்தப் பக்கம்.