பார்க்காத காருக்குப் பணம் அனுப்பலாமா?

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? சந்தைக்குப் போவார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். விவரம் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துப் போவார். இத்தனையும் ஆன பிறகுதான் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்.

மாட்டைப் போல் பல மடங்கு விலை உள்ளது கார். அந்தக் காரைச் செல்போனில் நாலு படம் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள்! கார் டெல்லியில் நிற்கிறது. வாங்குகிறவர் திண்டுக்கல்லில் இருக்கிறார். நடுவே 2,000 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் பணம் மட்டும் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்து விடுகிறது.

இது சரியா?

"வெளியூர்க் காரே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். புதுக் கார் வாங்க எல்லோராலும் முடியுமா? வயதான தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். குடும்பத்தோடு நாலு இடம் போய் வர வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சம் பணம். மலிவாகக் கிடைக்கும் இடத்தில் தேடுவது குற்றம் அல்ல.

ஆனால் ஒன்று. மலிவு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரிவதற்கு முன்னால் ஒரு ரூபாய் கூட அனுப்பக் கூடாது. இதுதான் என் கட்சி.

நியாயமான மலிவு

டெல்லிக் கார் ஏன் மலிவு? அதற்குச் சட்டம் ஒரு காரணம்.

டெல்லியில் காற்று கெட்டுப் போய்விட்டது. ஆகவே 10 ஆண்டு ஆன டீசல் வண்டிகள் டெல்லியிலும் சுற்று வட்டாரத்திலும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமை தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு கெடு. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. வயதை மட்டும் காரணமாக வைத்துக் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், மிகப் பழைய மாசு விதிப்படி செய்த வண்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று திருத்தியது.

உத்தரவு மாறி மாறி வந்தாலும் கார் வைத்திருப்பவரின் பயம் போகவில்லை. கெடு நெருங்குவதற்கு முன் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார். விலை இறங்குகிறது. வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். இது நியாயமான மலிவு.

இதிலும் கவனம் வேண்டும். சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். 13 ஆண்டு ஓடிய காரை வாங்கினால், மீதி இரண்டே ஆண்டு. பிறகு வண்டியைக் காட்டி, பணம் கட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா, ரத்தாகி விட்டதா என்பது அங்கே தெரியும். ரத்தான வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ரோட்டில் ஓட்டுவதற்கு உதவாது.

வெள்ளத்தில் நின்ற கார்

அடுத்த மலிவு மறைத்து வைத்த மலிவு.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது நினைவு இருக்கும். ஆயிரக் கணக்கான கார்கள் தண்ணீரில் மூழ்கின. முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கணக்குத் தீர்த்த கார்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் போன கார் எல்லாமே காயலான் கடைக்குப் போவதில்லை. கழுவி, துடைத்து, பெயிண்ட் அடித்து விற்பவர்களும் உண்டு. வெள்ளம் வந்த ஊரில் அதை விற்க முடியாது. ஊரே சந்தேகப்படும். ஆகவே வெள்ளம் பார்க்காத தூரத்து ஊருக்கு அனுப்புகிறார்கள்.

படத்தில் இது தெரியுமா? தெரியாது. செல்போனில் படம் வரும். சேற்று வாசனை வருமா?

ஆனால் நேரில் பார்ப்பவர் கண்டுபிடித்து விடலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டுக்குக் கீழே உள்ள இரும்பில் துரு ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும்.

ஓடிய தூரமும் அப்படித்தான். மீட்டரில் உள்ள எண்ணைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மீட்டர் 30 ஆயிரம் கிலோ மீட்டர் என்கிறது. பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது! இரண்டில் எது பொய்? ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

காரே இல்லாத கார்

இன்னும் ஒரு மலிவு இருக்கிறது. இதில் காரே கிடையாது!

விளம்பரத்தில் அழகான கார். விலை பாதிதான். போன் செய்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன். வேறு ஊருக்கு மாற்றி விட்டார்கள். அதனால் அவசரமாக விற்கிறேன்" என்று குரல் வரும். சீருடை அணிந்த படமும், அடையாள அட்டையும் அனுப்புவார். படம் யாருடையதோ! அட்டை யாருடையதோ!

பிறகு ஆரம்பிக்கும். "கேட் பாஸ் வாங்க ஐயாயிரம் அனுப்புங்கள்" என்பார். அனுப்பினால், "லாரி வாடகைக்குப் பத்தாயிரம்" என்பார். "இன்சூரன்சுக்கு இன்னும் கொஞ்சம்" என்பார். கொடுத்த பணத்தை விட மனம் இல்லாமல் மேலும் மேலும் கொடுப்பவர்கள் உண்டு. கடைசியில் போன் அணைந்து போகும். இந்த வேடத்தைப் பற்றிப் பல மாநிலப் போலீசார் எச்சரித்து விட்டார்கள். இருந்தும் ஏமாறுகிறவர்கள் குறையவில்லை.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு.

விற்பவரின் கண் உங்கள் கண் ஆகாது

"எல்லோராலும் டெல்லிக்குப் போக முடியுமா?" என்று கேட்கலாம். சென்னையில் இருந்து ரெயிலில் ஒன்றரை நாள் ஆகும். போக முடிந்தால் போய் வாருங்கள். லட்சக் கணக்கில் செலவு செய்யும்போது ரெயில் டிக்கெட் பெரிய செலவு அல்ல.

போக முடியவில்லையா? அந்த ஊரில் ஒரு கண்ணை வாடகைக்குப் பிடியுங்கள். உறவினரோ நண்பரோ இருந்தால், ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையா? அந்தக் காரைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் நிலையம் அந்த ஊரில் இருக்கும். அங்கே வண்டியை விடச் சொல்லுங்கள். கூலியை நீங்கள் கொடுங்கள். அங்கே சர்வீஸ் செய்த வண்டியாக இருந்தால், எந்தத் தேதியில் எத்தனை கிலோ மீட்டர் ஓடியிருந்தது என்ற பழைய கணக்கும் கிடைக்கும்.

"என் மெக்கானிக் பார்த்து விட்டார், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். அவருடைய மெக்கானிக் அவருடைய கண். உங்கள் கூலி வாங்குகிறவர்தான் உங்கள் கண்.

"சர்வீஸ் நிலையத்துக்கு எல்லாம் கொண்டு போக முடியாது" என்று அவர் மறுத்தால்? நல்லதாகப் போயிற்று! அங்கேயே பேச்சை முடித்துக் கொள்ளுங்கள். ஒரு செலவும் இல்லாமல் உண்மை தெரிந்து விட்டது.

வீடியோவில் பார்ப்பதும் ஓரளவு உதவும். ஆனால் அவர் காட்டுவதை நீங்கள் பார்க்கக் கூடாது. நீங்கள் கேட்பதை அவர் காட்ட வேண்டும். காலையில் முதல் முறை எஞ்சினைக் கிளப்பும்போது பார்க்க வேண்டும். நம்பர் பிளேட், சேஸ் நம்பர், மீட்டர் மூன்றையும் இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகக் காட்டச் சொல்ல வேண்டும்.

கார் வந்தால் போதுமா?

கார் வீட்டு வாசலில் வந்து நின்றதும் தேங்காய் உடைத்து விடுகிறோம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறினால்தான் அது உங்கள் கார். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே பொறுப்பான உரிமையாளர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி இருக்கிறது.

ஆகவே காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஆர்.டி.ஓ. ஆபீசில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். என்.ஓ.சி. என்று சொல்வது இதைத்தான். இதற்கு 28-ம் எண் பாரம். உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசின் பெயர் அதில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் பாரங்கள். கடனில் வாங்கிய காராக இருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதமும் 35-ம் எண் பாரமும் வேண்டும். போலீஸ் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தமிழ்நாட்டு எண் வாங்கியே ஆக வேண்டும். சாலை வரியும் இங்கே கட்ட வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதைக் கார் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு விடுங்கள். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள்.

வியாபாரியிடம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் கேளுங்கள். வியாபாரி ஏமாற்றினால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தனி மனிதர் தம் சொந்தக் காரை விற்றால் இந்த வசதி கிடையாது. நியாயம் கேட்க நீங்கள்தான் அலைய வேண்டி வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இங்கே 4 லட்சம் சொல்லும் கார் அங்கே 3 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு லட்சம் லாபம் என்று மனம் துள்ளும். லாரி வாடகையைக் கழியுங்கள். வரியைக் கழியுங்கள். மெக்கானிக் கூலி, போக்குவரத்துச் செலவு, பாரங்களுக்கு ஆகும் செலவு, வந்ததும் செய்யும் சில்லறை ரிப்பேர் எல்லாவற்றையும் கழியுங்கள். கடைசியில் 20 ஆயிரம்தான் மிஞ்சுகிறதா? அப்படியானால் உள்ளூர்க் காரே மேல். காரில் கோளாறு வந்தால் விற்றவரின் வீட்டுக் கதவைத் தட்டலாம் அல்லவா?

கழித்த பிறகும் நல்ல தொகை மிஞ்சினால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் பணத்தை ஒரே தவணையில் கொட்டாதீர்கள். உங்கள் கண் பார்த்த பிறகு சிறிது அட்வான்ஸ். காகிதங்கள் தயாரான பிறகு மீதி. அதுவும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். "என் மைத்துனர் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் நிறுத்தி விடுங்கள்.

"இன்னொருவர் இப்போதே வாங்க வருகிறார். சாயங்காலத்துக்குள் பணம் போடுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். வாங்க வருகிறவர் வாங்கிக் கொண்டு போகட்டுமே! உலகத்தில் கார் ஒன்றுதானா இருக்கிறது?

பழைய காருக்காகப் பல வீடுகளில் தாலிச் சரடு தவிர மற்ற நகை எல்லாம் அடகுக்குப் போகிறது. பல ஆண்டுச் சீட்டுப் பணம் அதில் இருக்கிறது. குடும்பப் பெண்களும் கணவரிடம் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்: "ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள்? நம் ஆள் யார் போய்ப் பார்த்தார்?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள். பதில் வராவிட்டால் பணம் பெட்டியிலேயே இருக்கட்டும்.