அகலும் வகிடும் ஒரு பொய்க் குற்றச்சாட்டும்

நம் பாட்டிகள் செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தார்கள், அதனால் எழுபது வயதிலும் அவர்களுக்குக் கூந்தல் அடர்ந்திருந்தது. இன்றைய பெண்கள் ஷாம்புவுக்கு மாறினார்கள், அதனால் ஐம்பதிலேயே உச்சந்தலை தெரிகிறது. சென்ற இதழில் வந்த கட்டுரையின் மொத்த வாதமும் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, இரத்தப் பரிசோதனை வீண், மருந்து மோசடி, குற்றமெல்லாம் பெண்ணின் சோம்பேறித்தனம் என்று மூன்று தீர்ப்புகளை எழுதிவிட்டார் கட்டுரையாளர். மூன்றும் தவறு. மூன்றாவது அநியாயமும்கூட.

பாட்டிகளிடமிருந்தே தொடங்குவோம். அவர்களுக்கு முடி கொட்டவேயில்லை என்றால் சவுரி யாருக்காக விற்றது? கோயில் வாசல் கடைகளில் தொங்கிய சவுரிகளை வாங்கிப் போனவர்கள் யார்? பின்னலில் சேர்த்தும் கொண்டைக்குள் வைத்தும் மெலிந்த முடியை மறைக்க நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருந்தார்கள். இழுத்துப் பின்னி, அதில் சவுரியின் பாரத்தையும் ஏற்றி, நெற்றியோர முடியை நிரந்தரமாக இழந்தவர்களும் உண்டு.

வயதாகும்போது பெண்ணின் தலையில் நடப்பதை எரிக் லுட்விக் என்ற மருத்துவர் 1977-இல் மூன்று நிலைகளாக வகுத்தார். நெற்றியோரம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நடு வகிடு அகன்று, உச்சியில் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். மயிர்க்கால் சுருங்குவதுதான் காரணம். ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய முடி முன்கூட்டியே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது, அடுத்து முளைப்பது இன்னும் மெல்லியதாக, குட்டையாக வருகிறது. பரம்பரைக்கும் ஹார்மோன்களுக்கும் இதில் பங்குண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிப் பலருக்குக் கூடுகிறது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. முடி உடையாமலிருக்க எண்ணெய் நல்லது, தாராளமாகத் தேய்க்கலாம். ஆனால் சுருங்கிய மயிர்க்காலை அது மீட்காது. ஷாம்புதான் அதைச் சுருக்கியது என்பதும் பொய்.

பரிசோதனை வீண் என்ற வரியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்கு முடி வயதால் மட்டுமா கொட்டுகிறது? தைராய்டு குறைந்தாலும் கொட்டும், இரும்புச் சத்து வற்றினாலும் கொட்டும். கடுங்காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும்; அது பெரும்பாலும் தானே சரியாகும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அதிக உதிரப்போக்கால் அவதிப்பட்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற ஒருத்தியிடம் போய் ‘நீ எண்ணெய் வைக்கவில்லை’ என்று சொல்வது கொடுமை. அவளுக்கு வேண்டியது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு அளவுகள்.

முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து மோசடி என்பதற்குக் கட்டுரையாளர் இரண்டு காரணம் சொல்கிறார்: தொடங்கிய சில வாரங்களில் உதிர்வு கூடுகிறது, நிறுத்தினால் வளர்ந்தது போய்விடுகிறது. இரண்டும் உண்மை. ஓய்விலிருக்கும் முடிகள் விழுந்து புது முடிக்கு வழிவிடுவதே அந்த முதல் உதிர்வு, அது அடங்கிவிடும். இரண்டாவதைப் பொறுத்தவரை, மினாக்சிடிலே முதலில் இரத்த அழுத்த மாத்திரையாகத்தான் வந்தது. விட்டால் அழுத்தம் ஏறுகிறது என்பதற்காக அழுத்த மாத்திரையை யாராவது மோசடி என்பார்களா? பெண்களுக்கான 2 சதவீதக் கரைசலுக்கு அமெரிக்காவில் 1991-இல் ஒப்புதல் கிடைத்தது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், எல்லோருக்கும் தெரிவதில்லை. சிலருக்கு முகத்தில் ரோமம் வளரும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இது ஆகாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு முடிவைப் பெண்ணிடம் விடுவதுதான் நேர்மை. பயோட்டின் மாத்திரையைச் சாடியதில் மட்டும் அவரோடு உடன்படுகிறேன்: குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பயன் உண்டு என்பதற்கு வலுவான சான்றில்லை, தைராய்டு பரிசோதனை முடிவையும் அது பிழையாகக் காட்டக்கூடும்.

ஐம்பதுக்கு மேல் கூந்தலுக்காகக் கவலைப்படுவது ஆடம்பரம் என்றும் எழுதியிருக்கிறார். பூச்சரம் நிற்க முடியில்லையே என்று கல்யாண வீட்டுக்குப் போகக் கூசுகிற பெண்ணின் வேதனைக்கு வயது வரம்பு வைக்க இவர் யார்?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நெற்றியோரம் பட்டையாகப் பின்வாங்கி, புருவமும் உதிர்கிற ஒரு நோய் உண்டு. ஸ்டீவன் கொசார்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1994-இல் அதை விவரித்தார். அதில் மயிர்க்கால் தழும்பாகிவிடும், போன முடி திரும்பாது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் மேலும் பரவாமல் நிறுத்த வாய்ப்புண்டு. தோல் மருத்துவரிடம் உடனே போக வேண்டிய அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் ஆறு மாதம் கரிசலாங்கண்ணித் தைலம் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறது அந்தக் கட்டுரை. அந்த ஆறு மாதத்தில் அவள் இழப்பதற்குக் கட்டுரையாளர் பொறுப்பேற்பாரா?