கயிறு வானிலிருந்து வரும். காணி எங்கிருந்து வரும்?

மலை சரிந்த பிறகுதான் தோட்டத்து வானம் இரைகிறது. படையின் ஹெலிகொப்டர் வட்டமிடுகிறது, கயிறு இறங்குகிறது, ஏடுகள் படம் போடுகின்றன, அமைச்சர்கள் அறிக்கை விடுகின்றனர். அதோடு கடமை முடிந்ததாம்!

அந்த இயந்திரத்தை நாம் பழிக்கவில்லை. படைவீரரைச் சுமப்பது, பண்டம் சுமப்பது, அகப்பட்டோரைத் தூக்குவது, தளபதியை ஏற்றிச் செல்வது, துப்பாக்கி பூட்டினால் சுடுவது – இத்தனை வேலையும் அதற்குண்டு. நம் விமானப்படையிடமுள்ள பெல் 212இன் மூதாதையான ஹியூவி, காயம்பட்டோரை அகற்றவும் பொதுப் பணிகளுக்குமென அமெரிக்கத் தரைப்படை 1955இல் தெரிந்தெடுத்த வானூர்தி. உயிர் காக்கப் பிறந்த குலம் அது!

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைக் குதறியபோது அக்குலம் தன் கடனைச் செய்தது. இந்திய விமானப்படையின் எம்.ஐ. 17 கொத்மலையில் அகப்பட்டோரை மீட்டது. நவம்பர் 30இல் நிவாரணப் பணியிலிருந்த நம் பெல் 212 லுணுவிலயில் வீழ்ந்து, அதன் விமானி உயிர் ஈந்தார். அவருக்குத் தலை வணங்குகிறோம். வணங்கிய தலையை நிமிர்த்தி ஆட்சியாளரை ஒன்று கேட்கிறோம்: வானத்தை நம்பி வாழும் நிலையில் எம் மக்களை வைத்தவர் யார்?

ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் காற்று மெலிது. ஹெலிகொப்டர் தூக்கும் சுமை குறையும். மூடுபனி கவிந்தால் பள்ளத்தாக்கில் நுழையவே இயலாது. மண் சரிவதோ அடைமழையில்! இயந்திரம் மிகவும் தேவைப்படும் வேளையே அது பறக்க முடியாத வேளை. இறங்கத் தேயிலைச் சரிவில் சமதரை ஏது? பிரட்டுக்களமோ, பாடசாலை மைதானமோதான்.

புயலில்லா நாளின் கதை என்ன? பிரசவ வேதனையில் துடிப்பவளைக் கம்பளியில் தூளி கட்டிச் சுமக்கும் தோட்டங்கள் இன்றும் உண்டு. அவளுக்கு ஹெலிகொப்டர் வருவதில்லை. அம்புலன்ஸ் வரவும் பாதையில்லை.

மீரியபெத்தையை மறந்தோமா? அந்த மலை ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். மக்களுக்கு மாற்று நிலம் கிடைக்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலை மலை லயங்களை விழுங்கியது. எச்சரிக்கை வந்தது, காணி வரவில்லை. குற்றவாளி மழையா?

நிலமில்லை என்று சொல்லாதீர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போயின. ஆயினும் பெரும்பாலான நிலத்தின் உரிமையாளர் அரசே, கம்பனிகள் குத்தகைக்காரரே. குத்தகைக்காரருக்கு ஆயிரக்கணக்கில் ஏக்கர் அளக்கும் கை, இருநூறு ஆண்டு உழைத்தவருக்குச் சில பேர்ச் அளக்கையில் நடுங்குவதேன்?

நாம் கேட்பவை மூன்று. சரியும் மலையடி லயங்களைக் காலி செய்து, பாதுகாப்பான நிலத்தை உறுதிப்பத்திரத்தோடு தருக. ஒவ்வொரு டிவிஷனுக்கும் அம்புலன்ஸ் ஓடும் பாதை இடுக. ஹெலிகொப்டர் இறங்கத்தக்க இடங்களை மழைக்கு முன்பே குறித்து, தோட்டத்தாருக்கு அறிவித்துப் பயிற்சி கொடுக்க.

மூன்றாவது இல்லாவிடில் மீட்பு தாமதிக்கும். முதலிரண்டும் இல்லாவிடிலோ, மீட்கவேண்டிய நாளே மீண்டும் மீண்டும் வரும். கயிற்றில் தொங்கும் வாழ்வு எமக்கு வேண்டாம்; காலூன்ற மண் வேண்டும்!