பனிமலைக்குப் போகுமுன்

பூஜை விடுமுறை நெருங்கினால் அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "டார்ஜிலிங் போய்வர வழி என்ன?" ரயில்வே குமாஸ்தா என்ற ஒரே தகுதியை முன்னிட்டுக் கேட்கப்படும் இக்கேள்விக்கு இம்மாதம் விடை கூற விழைகிறோம். சென்ற ஆண்டு நாம் செய்த பிழையும் இதில் அடங்கும்.

1947-க்கு முன் கல்கத்தாவினின்று வடக்கே சென்ற வண்டிகள் பத்மா நதியின் ஹார்டிஞ்ச் பாலத்தைக் கடந்து சிலிகுரியை அடைந்தன. பிரிவினையால் அவ்வழி அயல்நாடாயிற்று. பின்னர்ப் பிரயாணிகள் சக்ரிகலி கட்டத்தில் இறங்கி, நீராவிப் படகில் கங்கையைக் கடந்து, மணிஹாரியில் வேறு வண்டி ஏறினர். ஃபரக்கா அணைமீது 1970-களில் ரயில் ஓடத் தொடங்கியதும் அத்தொல்லை ஒழிந்தது. இன்று சியால்தாவில் இரவு டார்ஜிலிங் மெயில் ஏறினால் மறுநாள் காலை நியூ ஜல்பாய்குரி. பூஜைக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு தொடங்கும் 60-ஆம் நாளன்றே பதிவு செய்க.

அங்கிருந்து வழி இரண்டு. ஒன்று, 1881-இல் திறக்கப்பட்ட மலை ரயில். பாதையின் அகலம் இரண்டடி. நீளம் 88 கிலோமீட்டர். நம் நீலகிரி ரயிலுக்குத் தண்டவாளங்களிடையே பற்சட்டம் உண்டு, இதற்கு இல்லை. வளைந்து சுழன்றும், சிலவிடங்களில் பின்னோக்கிச் சென்று மேலேறியும், 7,407 அடி உயரமுள்ள கூம் நிலையத்தை எட்டிப் பின் டார்ஜிலிங்குக்கு இறங்குகிறது. காட்சி இன்பம் மிகுதி; ஆயின் பகற்பொழுது முழுவதும் கழியும். மற்றொன்று ஷேர் ஜீப். ஆள் நிரம்பியபின் புறப்படும். நெரிசல் இல்லையேல் மூன்று, நான்கு மணி நேரம்.

சென்ற ஆண்டு நம் தாயாரை ஜீப்பில் அழைத்துச் சென்றோம். கும்பகோணத்தில் பிறந்த அவருக்குப் பனிமலையைக் காண்பது நெடுநாள் ஆசை. அடிவாரத்தில் வெயில் காய்ந்தது. கம்பளி இப்போது எதற்கென்று பெட்டியிலிட்டு, அதனை ஜீப்பின் கூரைமேல் கட்டச் செய்தோம். கர்சியாங் தாண்டியதும் மேகம் சூழ்ந்து மழை பிடித்தது. கூம் வருமுன் தாயாரின் உடல் நடுங்கிற்று, மூச்சு வாங்கிற்று. "போதுமடா அப்பா, திரும்பிவிடுவோம்" என்றார். நாம் செய்வதறியாது விழித்தோம்.

ஓட்டுநர் நேபாளி இளைஞர். வண்டியை நிறுத்தி, தம் கம்பளிச் சட்டையைக் கழற்றி, "ஆமா, ஆமா" என்றவாறே தாயாருக்குப் போர்த்தினார். எதையோ ஆமோதிக்கிறார் என்றெண்ணினோம். நேபாள மொழியில் 'ஆமா' என்றால் தாய் என்பதைப் பின்னரே அறிந்தோம். தேநீர்க்கடை அடுப்பருகே தாயாரை அமர்த்தி, அவர் தேறும்வரை காத்திருந்தார். உடன்வந்த பிரயாணிகளும் முணுமுணுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடியலில் மேகம் விலகி, விடுதி வாசலினின்றே 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா தெரிந்தது. தாயார் கைகூப்பினார். பின்பு, "அந்தப் பிள்ளையின் பெயரென்ன?" என்று வினவினார். நாம் கேட்டுவைக்கவில்லை.

ஆகவே அன்பர்களே, கம்பளியைக் கைப்பையில் வையுங்கள். முதியோரை அழைத்துச் செல்வோர் மருத்துவரைக் கலந்துகொண்டு, இடைவழியில் கர்சியாங்கில் ஓரிரவு தங்குதல் நலம். மழைக்காலத்தில் மலை சரியும். 2010-இல் துண்டிக்கப்பட்ட ரயில் பாதை முழுவதும் மீள 2015 ஆயிற்று. எனவே திரும்பும் ரயிலுக்கு முதல்நாளே சமவெளிக்கு இறங்கிவிடுங்கள். ஓட்டுநரின் பெயரையும் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.