ஸ்கேனில் எத்தனை மார்க்?

2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாவது அலை அடித்தது. அப்போது வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்: "ஸ்கேனில் 25-க்கு எத்தனை?" பரீட்சை மார்க் மாதிரி கேட்டார்கள்! எட்டு என்றதும் இடிந்து போனவர்கள் உண்டு. "படம் சுத்தம்" என்றதும் ஊர் சுற்றக் கிளம்பியவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு.

நுரையீரலில் 5 பகுதிகள். ஒவ்வொன்றும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்த்து, தலா 5 வரை மார்க் போடுகிறார்கள். மொத்தம் 25. கெட்டுப்போன இடம், தேய்த்த கண்ணாடி போல வெள்ளையாக மங்கித் தெரியும். கொரோனாவில் பெரும்பாலும் இரண்டு பக்கமும், ஓரத்திலும் அடிப்பாகத்திலும் இப்படி இருக்கும். ஆனால் வேறு வைரஸ் நிமோனியாவிலும் இதே மாதிரி தெரியலாம். படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது.

அவசரப்பட்டு எடுத்தாலும் பயன் இல்லை. கொரோனா வந்த 121 பேரின் ஸ்கேன் படங்களைச் சீனாவில் சேகரித்து ஆராய்ந்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். நோய்க்குறி தெரிந்த 2 நாளுக்குள் படம் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, படத்தில் ஒன்றுமே இல்லை. உடம்பில் நோய் இருந்தது!

லேசான நோய்க்கு சி.டி. ஸ்கேன் வேண்டாம் என்று, டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரன்தீப் குலேரியா 2021 மே மாதமே சொன்னார். எக்ஸ்ரேயைவிட இதில் கதிர்வீச்சும் அதிகம், செலவும் அதிகம்.

கொடும்பாளூரில் ஒரு கூலிக்காரருக்குக் காய்ச்சல், இருமல் என்று வைத்துக் கொள்வோம். சுமார் 40 கிலோ மீட்டர் தாண்டி, திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ வாடகைக் கார் பிடித்து ஓடினால், கடன்தான் மிச்சம். முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மூச்சை. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அரை நிமிஷத்தில் கணக்கைச் சொல்லிவிடும். 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிதான். ஸ்கேன் வேண்டுமா, எப்போது வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இந்தச் சின்னக் கருவி ஒவ்வொரு கிராம நர்சின் கையிலும் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கிற இடத்திலும், மார்க்கை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், அதன் அர்த்தத்தைத் தமிழில் நாலு வரி எழுதித் தர வேண்டும். அரசு இதைக் கட்டாயமாக்கினால் ஏழைகளின் பணமும் மிஞ்சும், வீண் பயமும் ஒழியும்.

மூச்சுத் திணறுகிறவருக்கு மார்க் தேவை இல்லை. 108-க்குப் போன் செய்யுங்கள்!