கலாசாலைக்கும் ஜாதகமா?

வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும் நாஞ்சில் நாட்டில், அதாவது கன்னியாகுமரி ஜில்லாவில், ஒரு வேடிக்கை நடக்கின்றது. நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ரஸ்தாவின் இருபுறமும் கல்லூரி விளம்பரத் தட்டிகள் முளைத்து விடுகின்றன. பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்க்கவேண்டுமென்று பெற்றோர் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். எங்கே புறப்படுகிறார்கள்? முதலில் ஜோசியரிடம், பிறகு சாமியாரிடமோ, பாஸ்டரிடமோ, அதன் பிறகு ஜாதிச் சங்கத்துப் பெரியவரிடம், கடைசியாகத் தரகரிடம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகின்ற வாத்தியாரைப் பற்றி மாத்திரம் ஒருவரும் விசாரிப்பதில்லை. 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில், எழுத்தறிவில் 91.75 சதவீதம் பெற்றுத் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற ஜில்லாவின் யோக்கியதை இது!

கம்ப்யூட்டர் என்பது என்ன? உண்டு, இல்லை என்னும் இரண்டே வார்த்தைகளைக் கொண்டு கணக்குப் போடும் யந்திரம். "இருந்தாலும் இருக்கலாம்", "பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கின்ற பேச்செல்லாம் அதனிடம் செல்லாது. இப்படி உண்மை, பொய் இரண்டையும் கணக்காக எழுதிப் பார்க்கலாம் என்று 1854-இல் புத்தகம் எழுதிக் காட்டிய ஜார்ஜ் பூல் என்பவர் இங்கிலாந்தில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். எந்தச் சர்வகலாசாலையிலும் பட்டம் பெறாதவர்; தானே படித்து அயர்லாந்தில் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியர் ஆனவர். அவர் நம் நாட்டில் பிறந்திருந்தால் மனுதர்மம் அவரைப் பள்ளிக்கூடத் திண்ணையிலாவது ஏற விட்டிருக்குமா என்று கேட்கிறோம். அப்படிப்பட்டவருடைய கணக்கின்மேல் நிற்கும் படிப்பைப் படிப்பதற்கு ராகு காலம் பார்ப்பதும், ஆயுத பூஜையன்று அந்த யந்திரத்திற்கே சந்தனப் பொட்டு வைப்பதும் எவ்வளவு மானக்கேடு!

இன்ஜினீயரிங் சேர்க்கைக்கு 2018 முதல் ஆன்லைனில்தான் கவுன்சிலிங் நடக்கின்றது. கணக்கில் நூறு, பௌதிகத்தில் ஐம்பது, ரசாயனத்தில் ஐம்பது, ஆக இருநூறுக்கு மார்க்குப் போட்டு, அதன்படி வரிசை எண் கொடுக்கிறார்கள். வரிசை எண்ணையும், இட ஒதுக்கீட்டையும், நாம் எழுதிக் கொடுத்த கல்லூரிகளின் வரிசையையும் பார்த்துத்தான் இடம் வருகின்றது. அந்தச் சுற்றுக்குரிய கெடுவுக்குள் வெள்ளிக்கிழமை அமிர்த யோகத்தில் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் அழுத்தினாலும் ஒன்றுதான். அப்படியிருக்க, நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருந்து, கடைசி நாளில் அவசர அவசரமாகக் கண்டபடி வரிசைப்படுத்திவிட்டு, பிறகு "கிரகம் சரியில்லை" என்று அழுதால் அது கிரகத்தின் குற்றமா, புத்தியின் குற்றமா?

நிற்க, ஜோசியனை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதுதான் "நம்ம ஆளு காலேஜ்" என்பது. இந்துவுக்கு இந்துக் கல்லூரி, கத்தோலிக்கருக்குக் கத்தோலிக்கக் கல்லூரி, சி.எஸ்.ஐ.காரருக்குச் சி.எஸ்.ஐ. கல்லூரி, அதற்கு மேல் ஜாதிக்கொரு கல்லூரி என்று பிரித்து வைத்துக்கொண்டு, கல்யாணத்திற்கு வரன் பார்ப்பது போலக் கலாசாலை பார்க்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: சந்தையில் பசு வாங்கப் போகின்றவன் பல்லைப் பார்க்கிறான், மடியைப் பார்க்கிறான், எத்தனை படி கறக்கும் என்று கேட்கிறான், விற்பவனுடைய ஜாதியையா கேட்கிறான்? பசுவுக்குக் காட்டும் புத்தியைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக் கூடாதா? ஜாதிக்காரன் என்பதற்காக எந்த முதலாளியாவது பீஸில் காலணா குறைத்ததுண்டா?

மதஸ்தாபனங்கள் ஒரு காலத்தில் செய்த நன்மையை நாம் மறைக்கவில்லை. திருவாங்கூர் ராஜ்யத்தில் நம்மவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்த நாளில், 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே முதலிய மிஷனெரிமார் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அது வாஸ்தவம். மேலாடை உடுத்தும் உரிமைக்காகவே 1859 வரை நம் பெண்மக்கள் அடிபட்ட நாடு இது. 1914-இல் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றதற்காக அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய ராஜ்யம் இது. 1926-இல் சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. இவ்வளவும் எதற்காக? எல்லோரும் எல்லா வாசலிலும் நுழைவதற்காக. அப்படித் திறந்த வாசலை விட்டுவிட்டு, அவனவன் ஜாதி வாசலில் தானாகவே போய் அடைபட்டுக் கொள்வதற்குப் பெயர் சுயமரியாதையா? பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானம் செய்தோம். பெயரிலிருந்து போன ஜாதி இப்போது அட்மிஷன் விண்ணப்பத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றது.

இந்தப் பைத்தியத்தால் பணநஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு சட்டமாகவே இருக்கின்றது. 2007 முதல் இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வும் கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகின்ற பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் வருஷத்துச் சட்டப்படி 7.5 சதவீத இடமும், அப்படிச் சேருகின்றவர்களுக்குப் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் சர்க்காருடையது. ஆனால் இவையெல்லாம் கவுன்சிலிங் வழியாகப் போகின்றவனுக்குத்தான். தரகன் கையைப் பிடித்து மேனேஜ்மெண்ட் கோட்டாவில் நுழைகின்றவனுக்கு இல்லை. சலுகையை உதறிவிட்டு, வயலை ஒற்றி வைத்து, தாயின் சங்கிலியை அடகு வைத்து, "நம்ம ஆளிடம்" கொண்டுபோய்க் கொட்டுகின்றவர்களை என்னவென்று சொல்வது?

இனி உள்ளே என்ன நடக்கின்றதென்று பாருங்கள். கிருஷ்ண பகவான் ஒரே சமயத்தில் பதினாறாயிரம் வீட்டில் இருந்ததாகப் புராணிகர்கள் சொன்னபோது நாம் சிரித்தோம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கத்தார் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள். அண்ணா பல்கலைக் கழகத்தின் இணைப்புப் பெற்ற கல்லூரிகள் பலவற்றில், ஒரே ஆசிரியர் ஒரே வருஷத்தில் பல கல்லூரிகளில் முழு நேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. இப்படி நூற்றுக்கணக்கான பெயர்கள்! பல்கலைக் கழகமும் விசாரணை வைக்க நேர்ந்தது. கிருஷ்ணனுக்கு மாயையாவது உண்டு என்றார்கள். இவர்களுக்கு வெறும் காகிதமே போதுமாயிற்று. அதே 2024-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, நன்றாக நடப்பதாகக் கருதப்படும் கல்லூரிகளில் ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை பேர்தான் என்றிருந்த உச்ச வரம்பையும் எடுத்துவிட்டது. எல்லோரும் கம்ப்யூட்டர் கேட்கிறார்கள் என்று இடத்தைப் பெருக்கிக் கொண்டே போனால், வாத்தியார் எங்கிருந்து வருவார்?

ஆகையால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அண்ணா பல்கலைக் கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சிக் கணக்கை வெளியிடுகின்றது. அதில் இந்தக் கல்லூரி எங்கே நிற்கின்றது? என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. தட்டியில் அச்சடித்திருப்பது கம்ப்யூட்டர் பிரிவுக்கு வாங்கியதா, வேறு பிரிவுக்கு வாங்கியதா? கெடு முடியாமல் இருக்கின்றதா? ஆசிரியர் பட்டியலில் உள்ளவர்கள் உண்மையில் அங்கே வேலை பார்க்கிறார்களா? போன வருஷம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்தச் சம்பளத்தில் வேலை கிடைத்தது? தட்டியில் சிரிக்கும் பத்து முகங்களைக் காட்டினால் போதாது. மீதிப் பேர் எங்கே என்று கேளுங்கள். அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளையே கேளுங்கள். நாகர்கோவில் கோணத்திலுள்ள சர்க்கார் கல்லூரிகளை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தனியாரிடம் போங்கள்.

பெரிய பெயர் கிடைக்கவில்லையே என்று மனமுடைய வேண்டியதுமில்லை. நம் ஜில்லாவின் சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன், இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்பட்டும் தகப்பனாருக்கு வசதியில்லாததால் நாகர்கோவில் தெ. தி. இந்துக் கல்லூரியில் கணக்குப் படித்தார். அதன் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.க்குப் போனார். மேலக்காட்டுவிளை வி. நாராயணன் டிப்ளமோ படித்து, 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, 1989-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். பெற்றார். இருவரும் தமிழில் பள்ளிப் படிப்புப் படித்து, இஸ்ரோவின் தலைமைக்கு வந்தவர்கள். இஸ்ரோக்காரர்கள் ராக்கெட் பொம்மையைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போவது வேறு சங்கதி. ராக்கெட்டை மேலே கொண்டு போனது கணக்கே அல்லாமல் வெங்கடாசலபதி அல்ல.

கடைசியாகப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. மகனென்றால் கடன் வாங்கியாவது சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் அனுப்புகிறார்கள். மகளென்றால், அவள் மார்க்கு அதிகம் வாங்கியிருந்தாலும், "நம்ம சபைக் கல்லூரி, பக்கத்திலே, கட்டுப்பாடாக இருக்கும்" என்று முடித்து விடுகிறார்கள். அந்தப் பட்டமும் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதற்காகத்தான். அவளுக்கென்று சேர்த்த நூறு பவுனை வேறொருவன் வீட்டுப் பெட்டியில் பூட்டுவதற்குப் பதில், அதில் ஒரு பங்கை அவள் விரும்பும் கலாசாலைக்குச் செலவிட்டால், அவள் யாரிடமும் கை நீட்டாமல் வாழ்வாள். வரிசை எண் அவளுடையது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும் உரிமையும் அவளுடையதே.

வாலிபத் தோழர்களே! ஜாதகத்தைப் பெட்டியில் வையுங்கள்; தேர்ச்சிக் கணக்கைக் கையில் எடுங்கள். உங்கள் நான்கு வருஷமும், உங்கள் தகப்பனாரின் வயலும், உங்கள் தாயாரின் சங்கிலியும் பணயத்தில் இருக்கும்போது, கேள்வி கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் சாமி படத்தையும், ஜாதித் தலைவர் படத்தையும் காட்டுகின்ற கல்லூரி எதுவோ, அதன் படியை மிதிக்காதீர்கள்.